வெற்றுநிலம் என்னும் புனைவு: குடியேற்றவாதக் கால நிலக்காட்சி அச்சுப்படங்களும் அவற்றை ஆக்கிய ஓவியர்களும்

கலைவடிவங்கள் யாவற்றுள்ளும் நிலக்காட்சிப் படமே அரசியற் கலப்பற்றது போலத் தோன்றுவதாகும். மன்னனின் உருவப்படத்தில் அதிகாரம் வெளிப்படையாக அமர்ந்திருக்கும். போர்க்காட்சிப் படத்தில் வென்றவன் யார், தோற்றவன் யார் என்பது பார்த்த மாத்திரத்திலேயே புலப்படும். மலையும் அருவியும் மரமும் வானமும் மாத்திரம் இடம்பெறும் படத்திலோ வர்க்கத்துக்கும் ஆட்சிக்கும் இடமேயில்லை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து மீளாய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டியது என்பதே எமது நிலைப்பாடு. 1785ஆம் ஆண்டுக்கும் 1864ஆம் ஆண்டுக்கும் இடையில் தென்னாசிய நிலப்பரப்புகளைப் பொருளாகக் கொண்டு இலண்டனில் வெளியிடப்பட்ட அச்சுப்படத் தொகுதிகள் சிலவற்றை இங்கு நாம் ஆராய முற்படுகிறோம். அப்படங்களில் என்ன வரையப்பட்டுள்ளது என்பதோடு, யார் வரைந்தார், யார் வாங்கினார், எது வரையப்படாது விடப்பட்டது என்னும் வினாக்களையும் எழுப்புதல் அவசியமாகின்றது.

1. அச்சுப்படம் என்னும் பண்டம்

முதலில், அச்சுப்படம் ஓவியத்தின் வெறும் நகலன்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். தைல வர்ண ஓவியம் ஒன்றேயொன்றாக இருப்பது. அதனை ஒருவரே உடைமையாக்கிக் கொள்ளலாம். அச்சுப்படமோ நூற்றுக்கணக்கிற் பெருக்கப்பட்டுச் சந்தைக்கு வருவது. ஆகவே, அது தனியொரு புரவலனின் விருப்பைவிட ஒரு வர்க்கத்தின் பொதுச்சுவையையே நாடி நிற்பது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்காட்சிகளை அச்சிடுவதற்குப் பெரிதும் கையாளப்பட்ட முறை அக்குவாட்டின்ற் எனப்படுவதாகும். செப்புத் தகட்டின்மீது குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கினால் பொடி தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் தகட்டை அமிலத்தில் இடும்போது பொடித்துகள்களுக்கு இடைப்பட்ட செம்பு மாத்திரம் அரிக்கப்படும். வெளிறித் தோன்ற வேண்டிய பகுதிகளை மெருகெண்ணெய் கொண்டு மூடி, ஏனையவற்றை மீண்டும் மீண்டும் அமிலத்தில் இட, மென்சாயலிலிருந்து கருஞ்சாயல் வரையிலான படிநிலைகள் உருவாகும். இவ்வாறு அச்சிடப்பட்ட தாள்கள் நீர்வர்ணத்தாற் கையினால் வண்ணமூட்டப்பட்டன. மூடுபனியையும் மாலையொளியையும் காட்டுவதற்கு இம்முறை மிகவும் உகந்ததாயிற்று. ஆயின், ஒவ்வொரு தாளின் பின்னாலும் தகடு தேய்த்தவன், அச்சுப்பொறியை இயக்கியவன், வண்ணம் தீட்டியவன் எனப் பலரின் உழைப்பு உண்டு. தாளின் அடியிலோ ஓவியரின் பெயரும் வெளியீட்டு விபரமுமே காணப்படும்.

இவ்வகைத் தொகுதிகளுள் மிகப் புகழ்பெற்றது தோமஸ் டானியலும் (1749–1840) அவருடைய தமையன் மகன் வில்லியம் டானியலும் (1769–1837) 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்ட 'கீழைத்தேயக் காட்சிகள்' என்பதாகும். இதில் 144 படங்கள் அடங்கியிருந்தன. முழுத்தொகுதியின் விலை 210 பவுண். அக்கால இங்கிலாந்தின் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவனின் பல்லாண்டு வருமானத்துக்கு இது ஈடானது. ஆகவே இப்படங்கள் யாருடைய நூலகத்தை அலங்கரிக்க ஆக்கப்பட்டன என்பதை விளக்க வேண்டியதில்லை. நிலவுடைமைப் பிரபுக்களும், கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகத்திலும் வருவாயிலும் செல்வம் ஈட்டித் தாயகம் திரும்பியோருமே இவற்றின் வாசகர்கள். அத்தகைய கம்பனிச் செல்வத்தால் குளோஸ்ரசயரில் எழுப்பப்பட்ட செசின்கொற் மாளிகையின் தோட்டத்துக்கு இந்தியப் பாணியிற் கோயிலொன்றைத் தோமஸ் டானியலே வடிவமைத்துக் கொடுத்தார்.

2. ஓவியர்களின் வர்க்க நிலை

இப்படங்களை ஆக்கியோர் ஆளும் வர்க்கத்தைச் சேர்ந்தவர்களா எனின், இல்லையென்பதே விடை. இந்தியாவுக்கு வந்த முதலாவது தொழில்முறைப் பிரித்தானிய நிலக்காட்சி ஓவியரான வில்லியம் ஹொட்ஜஸ் (1744–1797) இலண்டன் கொல்லன் ஒருவனின் மகன். தோமஸ் டானியல் சத்திரக்காரன் ஒருவனின் மகன். வண்டிகளுக்கு வண்ணம் பூசும் தொழிலிற் பயிலுநனாகச் சேர்ந்து, பின்னரே றோயல் அக்கடமிப் பள்ளியில் ஓவியம் கற்றவர். பின்னாளில் இலங்கைக்கு வந்த அன்ட்ரூ நிக்கல் (1804–1886) பெல்பாஸ்ற் நகரத்துச் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரின் மகன். அச்சுக்கூடத்திற் பயிலுநனாய்த் தொழில் தொடங்கியவர். கைவினைஞர் குடும்பங்களில் தோன்றிய இவர்கள் தம் கைத்திறனையே மூலதனமாகக் கொண்டு மேல்வர்க்கத்தின் வாயிலை அணுகியோராவர்.

அவ்வாறு அணுகுதல் எளிதாகவும் இருக்கவில்லை. கம்பனியின் அனுமதி பெற்று 1786இற் கல்கத்தாவை அடைந்த டானியல்கள், அந்நகரின் காட்சிகள் பன்னிரண்டை அச்சிட்டு முடிப்பதற்கு 1788 வரை உழைத்தனர். ஓவியன், செதுக்குநன், கன்னான், அச்சிடுவோன் ஆகிய அனைவரின் வேலையையும் தாமே செய்ய நேர்ந்ததாகத் தோமஸ் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் நொந்துகொண்டார். தென்னிந்தியப் பயணத்துக்கான பணத்தைத் தம் ஓவியங்களைக் கல்கத்தாவிற் சீட்டுக் குலுக்கலில் விற்றே அவர்கள் திரட்டினர். இங்கிலாந்துக்குத் திரும்பிய பின்னர் வில்லியம் பல்லாண்டுகள் காலை முதல் நள்ளிரவு வரை செப்புத் தகடுகளோடு போராடினார். இவ்வுழைப்பை நாம் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. உழைப்பாளியான ஓவியன், பிறருடைய உழைப்பைத் தன் படத்திலிருந்து அகற்றுமாறு எவ்வாறு பயிற்றப்பட்டான் என்பதே இங்கு விளக்கம் வேண்டி நிற்கும் முரண்பாடாகும்.

3. சித்திரவனப்புக் கொள்கையின் சமூக அடிப்படை

இப்பயிற்சி இங்கிலாந்திலேயே தொடங்குகின்றது. 1782இல் வை நதிப் பயணம் பற்றிய நூலை வெளியிட்ட வில்லியம் கில்பின், 1794இல் எழுதிய யுவடேல் பிரைஸ், றிச்சட் பெயின் நைற் ஆகியோர் வகுத்த கொள்கையைச் 'சித்திரவனப்பு' எனலாம். நிலத்தைப் படமாக அமைத்துப் பார்ப்பதே இதன் சாரம். முன்னே இருண்ட மரங்கள், நடுவே நீர்நிலை அல்லது சிதைந்த கட்டடம், தொலைவில் நீலமலை, இடையே சிற்றுருவங்களாக ஓரிரு மனிதர் என்பதே அதன் வாய்பாடு. கரடுமுரடும் சிதைவும் அழகெனப் போற்றப்பட்டன. உழுத வயலும் வேலை செய்யும் கையும் அழகைக் கெடுப்பனவாகக் கருதப்பட்டன.

இக்கொள்கை தோன்றிய காலம் பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட காலமாகும். ஆயிரக்கணக்கான பாராளுமன்றச் சட்டங்கள் மூலம் குடியானவரின் மேய்ச்சல் நிலங்களும் பொதுக்காடுகளும் தனியுடைமையாயின. பிரைஸும் நைற்றும் தாமே நிலவுடைமையாளர்கள். நிலத்திலிருந்து உழைப்பாளி வெளியேற்றப்பட்ட அதே வேளையிலேயே படத்திலிருந்தும் அவன் வெளியேற்றப்பட்டான். உழைக்கும் நாட்டுப்புறம் நிலக்காட்சியாகக் காணப்படுவதில்லை என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான 'நாட்டுப்புறமும் நகரமும்' என்னும் நூலில் ஆங்கில இலக்கியத்தை ஆதாரமாகக் கொண்டு நிறுவியுள்ளார். எமது வினா, அப்பார்வை கடல் கடந்து வந்தபோது என்ன ஆயிற்று என்பதே.

4. பாபநாசத்து அருவி: 1792–1807

டானியல்கள் 1792ஆம் ஆண்டு சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே மூன்றாம் மைசூர்ப் போர் முடிவுற்று, திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பனியின் கைக்கு மாறியிருந்தன. ஓவியர்களின் பாதை பெருமளவிற் கம்பனிப் படைகளின் பாதையே ஆகும். இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகள் அவர்களின் படங்களிற் பொன்னொளி தோய்ந்த பாறைகளாக நிற்கின்றன. சில மாதங்களுக்கு முன்னர் அங்கு நிகழ்ந்த முற்றுகைகளின் சுவடு அவற்றில் இல்லை. மாறாக, மானுடச் செயலெதுவும் தீண்டாத தொன்மையே அவற்றில் நிறைந்துள்ளது. அதே பாராமகாலில் அதே ஆண்டில் அலெக்சாந்தர் றீட், தோமஸ் மன்றோ ஆகியோர் நிலவரித் தீர்வை வேலையைத் தொடங்கினர். ஒரு குழுவினர் நிலத்தை வருவாயாக அளந்தனர். மற்றொரு குழுவினர் அதனைக் காட்சியாக அளந்தனர். டானியல்கள் இருட்பெட்டிக் கருவியின் துணைகொண்டு மிகத் துல்லியமாக வரைந்தவர்கள் என்பதும் இங்கு கருதத்தக்கது. துல்லியம் மாத்திரம் உண்மையாகிவிடாது.

இவ்வோவியங்களுள் திருநெல்வேலிச் சீமையின் பாபநாசத்து அருவி தனியாக நோக்கத்தக்கது. பாறைகளிடையே பொங்கி விழும் நீரும், அதன் பெருமைமுன் சிறுத்துத் தோன்றும் மனித உருவங்களும் அச்சுக்கலையின் உயர்ந்த சாதனைகள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அந்நீர் தாமிரபரணியின் நீர். அருவிக்குக் கீழே, ஆங்கிலேயருக்கு முற்பட்ட அணைக்கட்டுகளும் கால்வாய்களும் அதனை வயல்களுக்கு இட்டுச்சென்றன. அவ்வயல்களிற் சேற்றில் நின்று உழைத்தோர் பெரும்பாலும் நிலவுரிமையற்ற அடிநிலைச் சாதியினர். படத்தில் நீர் உண்டு. நீரைப் பயிராக்கிய கை இல்லை.

காலக்கணக்கையும் சற்று நோக்குவோம். அருவியை ஓவியர்கள் நேரிற் கண்டது 1792இல். அதே ஆண்டில் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் மூலம் பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பனிக்குச் சென்றது. 1799 ஒக்டோபர் 16இற் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டான். 1801இல் மருது சகோதரர்களின் எழுச்சி நசுக்கப்பட்டது. கர்நாடகம் முழுவதும் கம்பனி ஆட்சிக்குள் வந்தது. பாபநாசத்துப் படம் இடம்பெற்ற நான்காம் பகுதி 1807இல் நிறைவுற்றது. கண்டதற்கும் வெளியிட்டதற்கும் இடைப்பட்ட அப்பதினைந்து ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமை இரத்தத்தில் தோய்ந்தது. இலண்டன் வாசகனின் மேசையிலோ அது என்றும் அமைதியான அருவியாகவே விரிந்தது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். ஓவியன் அருவியை வரைந்தான். போரை வரையவேண்டும் என்று அவனை வற்புறுத்தலாமா என்பதே அது. ஓவியன் போரை வரைய முற்பட்டபோது நிகழ்ந்ததை ஹொட்ஜஸின் வாழ்க்கை காட்டுகின்றது. 1780இற் சென்னையில் இறங்கிய அவர், ஹைதர் அலியின் படையெடுப்பால் உள்நாடு செல்ல இயலாது தங்கினார். 1781இல் வாரன் ஹேஸ்ரிங்சுடன் காசிக்குச் சென்று சேத்சிங்கின் எழுச்சியைக் கண்டார். 1785–1788இல் அவர் வெளியிட்ட 48 இந்தியக் காட்சிகளில் இவ்வனுபவம் பெரும்பாலும் அடங்கியே ஒலிக்கிறது. ஆயின் 1794இன் இறுதியில், பிரெஞ்சுப் புரட்சி அரசுடன் இங்கிலாந்து போரிட்ட வேளையில், சமாதானத்தின் விளைவுகள், போரின் விளைவுகள் என இரு நிலக்காட்சிகளை வரைந்து இலண்டனிற் காட்சிக்கு வைத்தார். ஒரே நிலம், ஒன்றிற் செழிப்பாகவும் மற்றதில் அழிவாகவும் காட்டப்பட்டது. 1795இல் யோர்க் கோமகன் அதனை அரசியல் நோக்குடையதெனக் கண்டித்ததால் கண்காட்சி மூடப்பட்டது. ஹொட்ஜஸ் ஓவியத் தொழிலையே கைவிட்டு, வங்கியொன்றிற் பங்காளியாகி, அதுவும் முறிவடைய 1797இல் இறந்தார். நிலக்காட்சியில் அரசியல் இல்லை என்று கூறியோர், நிலக்காட்சி தம் அரசியலுக்கு மாறாகப் பேசியபோது அதனை உடனே இனங்கண்டுகொண்டனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

5. இலங்கை: காட்டதிகாரியின் தூரிகை

வில்லியமின் தம்பி சாமுவேல் டானியல் (1775–1811) தென்னாபிரிக்காவில் வரைந்த முப்பது படங்களை 1804–1805இல் வெளியிட்டுப் புகழீட்டிய பின்னர் இலங்கைக்கு வந்தார். கரையோர மாகாணங்கள் 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியிருந்தன. கண்டி இராச்சியமோ சுதந்திரமாகவே இருந்தது. 1803இல் அங்கு சென்ற பிரித்தானியப் படை அழிக்கப்பட்டிருந்தது. தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் சாமுவேலைக் காடுகளுக்குப் பொறுப்பான அதிகாரியாக நியமித்தார். அவருடைய இலங்கைக் காட்சிகள் பன்னிரண்டு 1808இல் இலண்டனில் வெளியாயின. 1811இன் இறுதியில் காய்ச்சலினால் இத்தீவிலேயே அவர் இறந்தார்.

திருகோணமலைத் துறைமுகம் அவருடைய படங்களுள் ஒன்று. இந்து சமுத்திரத்தின் ஆதிக்கத்துக்காக ஐரோப்பிய வல்லரசுகள் மாறிமாறிப் போரிட்டுக் கைப்பற்றிய அத்துறைமுகம், குன்றுகள் சூழ்ந்த அமைதியான நீர்ப்பரப்பாகக் காட்சி தருகிறது. ஏனைய படங்களிற் காடும் விலங்கும் முதன்மை பெறுகின்றன. அவற்றின் இயற்கையறிவு மெச்சத்தக்கது. யானையையும் புள்ளிமானையும் அவற்றின் வாழிடத்தோடு இணைத்துக் காட்டியமை அவர்காலத்தில் அரிய சாதனை. ஆயினும் மரத்தை வரைந்த கையும் மரத்தை முடிக்குரியதாகக் காத்த கையும் ஒன்றே என்பதை நாம் மறந்துவிடல் ஆகாது. காட்டிற் சேனை செய்தும் தேனும் விறகும் எடுத்தும் வாழ்ந்த மக்களுக்கு அது வாழ்வாதாரம். நிருவாகத்துக்கு அது வளம். படத்துக்கு அது வனப்பு. இம்மூன்றாவது பார்வை இரண்டாவதற்கு முகத்திரையாயிற்று.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனைச் சட்டமொழியிற் கூறிற்று. பயிரிடப்படாத நிலமும் காடும், மறுதலையாக நிறுவப்படாத வரை, முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. சேனைப்பயிர்ச் செய்கையிற் பல ஆண்டுகள் தரிசாக விடப்படும் நிலம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத குடியானவனின் கையிலிருந்து நழுவிக் கோப்பித் தோட்டமாயிற்று. படங்கள் இச்சட்டத்தைத் தோற்றுவித்தன என்று கூறுவது பொருளியல் அடிப்படையைப் புறக்கணிப்பதாகும். ஆனால் ஆளில்லாத நிலம் என்னும் கருத்துநிலையை வாங்கும் வர்க்கத்தின் கண்ணுக்கு இயல்பாக்கியதில் அவற்றுக்குப் பங்குண்டு.

இத்தொடர்பு 1848இல் வெளிப்படையாகின்றது. அன்ட்ரூ நிக்கல் 1846இற் கொழும்பு அக்கடமியில் ஓவியம் கற்பிக்க வந்தார். அவருடைய புரவலர் குடியேற்றநாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1848இல் நிக்கல் காடுகளினூடே பழைய நகரங்களின் சிதைவுகளை வரையச் சென்றபோது, துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி, வீதியமைப்புக்கான கட்டாய உழைப்பு ஆகியவற்றுக்கு எதிராக மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. அவ்வரிகளை விதித்த நிருவாகத்தின் முதன்மை அலுவலர் ரெனன்றே. ஓகஸ்ற் 8இல் வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1859இல் ரெனன்ற் இரு பாகங்களில் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில், நிக்கலின் சித்திரங்கள் மரச்செதுக்குப் படங்களாக இடம்பெற்றன. அங்கு காடு மூடிய தாதுகோபமும் சிதைந்த தூணும் கடந்தகாலப் பெருமைக்குச் சாட்சி கூறின. நிகழ்காலக் குடியானவனின் குரல் எழவில்லை. 1864இல், நில அளவைத் திணைக்களத்திற் கடமையாற்றியிருந்த கப்டன் ஓ'பிரையனின் பதினைந்து காட்சிகள், ரெனன்றின் நூலுக்கு விளக்கப்படங்களாக இலண்டனில் வெளியாயின. காட்டதிகாரி, குடியேற்றநாட்டுச் செயலாளர், நில அளவையாளர் என இத்தொடர் அமைந்தமை தற்செயலன்று.

இதே காலத்திலேதான் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். ஓவியர் வனப்பைக் கண்ட காட்டிலே இவர்கள் மரணத்தைக் கண்டனர்.

6. திணையும் காட்சியும்

நிலத்தைக் கலைப்பொருளாக்கும் வேறொரு மரபை அறிந்தோர் என்ற வகையில் நாம் இங்கு ஓர் ஒப்பீட்டைச் செய்தல் பொருந்தும். தொல்காப்பியம் வகுக்கும் கருப்பொருளில், மரமும் புள்ளும் விலங்கும் உணவோடும் தொழிலோடும் பறையோடும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. குறிஞ்சி என்பது மலை மாத்திரமன்று; தினைப்புனம் காத்தலும் தேனழித்தலும் கூடியதே குறிஞ்சி. திணைக்கோட்பாட்டுக்கும் ஆதித் தென்னிந்தியச் சமூகத்தின் பொருளாதார அமைப்புக்கும் உள்ள உறவைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். நிலம் அங்கு வாழ்க்கையின் களம். தூர நின்று நோக்கும் உடைமையாளனின் காட்சி அன்று.

ஆயினும் இம்மரபை மாசற்றதெனப் போற்றிவிடுதலும் வரலாற்றுக்கு மாறானது. அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகின்றது. அவர்களின் தொழில் நிலத்துக்கு நிறமூட்டலாம். அவர்களின் காதல் உயர்கவிதைக்கு உரியதன்று. உழைப்பைப் படத்திலிருந்து நீக்குவது ஒருவகை வர்க்கப் பார்வை. உழைப்பை ஏற்று உழைப்பாளியை விலக்குவது மற்றொரு வகை. பழம்பெருமையின் மேடையில் நின்று குடியேற்றவாதத்தை விமரிசிப்போர் இரண்டாவதைக் கண்டும் காணாதிருத்தல் ஆகாது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து, இவ்வச்சுப்படங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்னும் முடிவுக்கு நாம் வரவில்லை. மில்ட்ரட் ஆர்ச்சர் 1980இல் டானியல்களின் பயணங்களை விரிவாகத் தொகுத்து வெளியிட்டமை, மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மாமல்லபுரம் ஆகிய இடங்களின் பழைய நிலையை அறிய இப்படங்கள் எத்துணை மதிப்புடையன என்பதைக் காட்டிற்று. சிதைந்தும் மாறியும் போன கட்டடங்கள் பலவற்றுக்கு இன்று இவை சாட்சிகள். கலைத்திறனும் கருத்துநிலையும் ஒரே தாளில் உறைவதே இவற்றின் இயல்பு. ஒன்றை ஏற்பதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

இப்படங்களின் மலிவான மறுபதிப்புகள் இன்று சுற்றுலா விடுதிகளின் சுவர்களையும் நாட்காட்டிகளையும் அலங்கரிக்கின்றன. அவற்றின் கீழ் ஓவியரின் பெயரும் இடத்தின் பெயரும் இருக்கும். அணைக்கட்டைக் கட்டியவனும், பல்லக்கைச் சுமந்தவனும், தாளுக்கு வண்ணம் தீட்டியவனும், சேனையை இழந்தவனும் அங்கு பெயரற்றோரே. வரித் தீர்வைப் பதிவேடுகள், காணிச் சட்டங்கள், பெருந்தோட்டப் பதிவுகள், வாய்மொழிப் பாடல்கள் ஆகியவற்றை இப்படங்களின் அருகில் வைத்துப் படிக்கும்போதே அப்பெயரற்றோரின் வரலாறு துலங்கும். கலை வரலாற்றையும் பொருளாதார வரலாற்றையும் வெவ்வேறு துறைகளாகப் பிரித்து வைத்திருக்கும் எமது பல்கலைக்கழக ஆய்வுமுறை இவ்விணைப்பை இனியேனும் மேற்கொள்ளல் வேண்டும். படத்தின் அமைதியை நாம் குலைக்க வேண்டியதில்லை. அவ்வமைதி யாருடைய மௌனத்தினால் ஆக்கப்பட்டது என்று கேட்டாற் போதும்.